அண்ணை வந்துபோகிற கணினி

ஜெர்மனியின் ஹம் நகரத்தில் பிரபாலினியைத் தெரியாத தமிழ்ப் பெண்கள் குறைவு. ஆனால் கோயில் தேர்த் திருவிழாவில் அவள் எதிரே வந்தால், தெரிந்தவர்களில் பாதிப்பேர் தலையை மெல்ல அசைத்துவிட்டு அப்பால் போய்விடுவார்கள். "உவவை உமக்கு எப்பிடித் தெரியும்?" என்று புருஷன் கேட்டால், "தமிழ்க் கடையிலை கண்டிருக்கிறன்" என்பார்கள். பிரபாலினியைக் கேட்டாலும் அதே கடையைத்தான் சொல்லுவாள். இதில் அவளுக்கு மனக்குறை எதுவும் இல்லை. சொல்லப்போனால் உள்ளூர ஒரு பெருமைதான்.

அந்தப் பெண்கள் டொக்டரிடம் போனபோது பக்கத்துக் கதிரையில் இருந்தவள் அவள். அவர்கள் தமிழில் சொன்னதை ஜெர்மனிலும், டொக்டர் ஜெர்மனில் சொன்னதைத் தமிழிலும் மாற்றிச் சொன்னவள். பிள்ளை தங்காதது, மார்பில் தட்டுப்பட்ட கட்டி, நித்திரைக்காக விழுங்கும் குளிசைகள், புருஷன் கைநீட்டி அடிப்பது என்று, வெளியே தெரிந்தால் ஊர் வாயில் போட்டு மெல்லக்கூடிய சங்கதிகள் எல்லாம் அவளுடைய காதுக்குள் போயிருக்கின்றன. போனது போனதுதான். அவளுடைய புருஷன் சிறீதரன்கூடப் பல தரம் தூண்டில் போட்டுப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டான்.

பிரபாலினி ஜெர்மனிக்கு வந்தபோது அவளுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிலிருந்து புறப்பட்டு, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் சோஸ்ட் நகரத்துக்குப் பக்கத்தில் ஓர் அகதி முகாமில் வந்து சேர்ந்தாள். அவளுடைய ஜெர்மன் வகுப்பில் இருந்து படித்த ஜெர்மன் அல்ல, சண்டை பிடித்துப் பழகிய ஜெர்மன். முகாமில் சுடுதண்ணீர் வராவிட்டால் மற்றவர்கள் தங்களுக்குள் முணுமுணுத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். இவள் அகராதியைத் தூக்கிக்கொண்டு பொறுப்பாளரிடம் போவாள். இன்றைக்கு அவர் இவளை ஏசிய சொல்லை நாளைக்கு இவள் அவருக்கே சரியான இடத்தில் திருப்பிச் சொல்லுவாள். ஒருநாள் பக்கத்து அறையில் இருந்த பிள்ளைத்தாச்சி ஒருத்தியை டொக்டரிடம் கூட்டிப்போக வேண்டி வந்தது. டொக்டர் அந்தப் பெண்ணிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் புருஷன்காரன் பதில் சொல்ல வாயெடுத்தான். "அண்ணை, நீங்கள் கொஞ்சம் வெளியிலை இருங்கோ" என்றுவிட்டாள் பிரபாலினி. அவனும் எழும்பிப் போய்விட்டான். அன்றைக்கு அவளுக்கே தன் வாயை நினைக்கத் திகைப்பாக இருந்தது. பிறகு அது பழகிவிட்டது.

வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலைகள் பார்த்தாள். முதலில் சலவைச்சாலை, பிறகு ஹோட்டல் அறைகள், அதன்பிறகு கனகாலமாக மரக்கறிகளைக் கழுவி வெட்டிப் பொதிசெய்யும் தொழிற்சாலை. அதற்குள் ஆடி மாதத்திலும் குளிர்தான். கையுறைக்கு மேல் கையுறை போட்டாலும் விரல்கள் விறைத்துவிடும். டொக்டர்மாரிடம் துணை போவது ஊருக்குச் செய்கிற உபகாரம், அவ்வளவுதான். அதற்கும் ஒரு பெயரும் ஒரு சம்பளமும் உண்டு என்று அவளுக்குத் தெரியவந்தபோது வயது ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிகளுக்குக் காணொளி வழியாக மொழிபெயர்ப்பாளர்களை ஏற்பாடு செய்து கொடுக்கும் நிறுவனம் ஒன்று தமிழ் தெரிந்தவர்களைத் தேடியது. பிரபாலினி வேலை முடிந்து வந்து படித்தாள், சோதனை எழுதினாள், பாஸ் பண்ணினாள். இனி வீட்டில் இருந்தபடியே வேலை. டொக்டரும் நோயாளியும் ஆஸ்பத்திரியில் இருப்பார்கள், இவள் இங்கே திரைக்கு முன்னால் இருப்பாள். தொழிற்சாலை முதலாளியிடம் விடைபெறும்போது என்ன சொல்ல வேண்டும் என்பதைக்கூட அவள் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டாள். தனக்கு நன்றாகத் தெரிந்த வேலை ஒன்று வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்னைத் தேடி வருகிறது என்ற சந்தோஷம் அவளுடைய நடையிலேயே தெரிந்தது.

கடைசியாக ஒன்றுதான் மிச்சம். நிறுவனத்தில் கணினிகளுக்குப் பொறுப்பான திருமதி வீகாண்ட் தொலைபேசியில் அழைத்தார். நோயாளிகளின் பேச்சு போய்வருகிற கணினி என்பதால் அதைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் வேலையைக் கொடுப்போம் என்றார். அடுத்த புதன்கிழமைக்கு Termin, அதாவது சந்திப்பு நேரம், குறித்தார். கணினியில் ஃபயர்வோல் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். வெளியிலிருந்து வருவதை மறித்து, நீ யார், எங்கே வந்தாய் என்று கேட்கிற காவல் அது. இலவசமாகக் கிடைப்பதே போதும், ஆனால் இருக்க வேண்டும். அது சரியில்லை என்றால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"உங்கள் கணினியை வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா?" என்று கேட்டார் திருமதி வீகாண்ட்.

"என் கணவர் அதில் நாடகம் பார்ப்பார். அதை நிறுத்திவிடுகிறேன்."

"வேறு யாரும்?"

"ஒருவரும் இல்லை" என்றாள் பிரபாலினி, கொஞ்சமும் யோசிக்காமல்.

அவள் பொய் சொல்லவில்லை. டொரன்டோவில் இருக்கிற அண்ணை சிவகுருநாதன் அந்த நேரம் அவளுடைய நினைவுக்கே வரவில்லை. தகப்பன் இல்லாத வீட்டில் அவளை வளர்த்தவர் அவர். அவளை வெளிநாட்டுக்கு எடுத்துவிட்டவரும் அவர். அண்ணையைப் போய் 'வேறு யாராவது' என்ற கணக்கில் சேர்க்க எங்கள் சனத்தில் எந்தத் தங்கைக்குத் தோன்றும்?

ஆனால் அந்தக் கணினிக்குள் பிரபாலினியை விட அண்ணைதான் அதிகம் நடமாடினார். அது வீட்டுக்கு வந்த புதிதில், தூரத்தில் இருந்தபடியே இன்னொருவருடைய கணினியை இயக்குகிற செயலி ஒன்றை அவர் அதில் போடவைத்தார். கடவுச்சொல்லையும் அவரே வைத்துக்கொண்டார். சிறீதரனுக்காக இலவசத் தமிழ்ச் சனல்கள் காட்டுகிற செயலி ஒன்றும் அவர் உபயம்தான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில், டொரன்டோவில் காலைக் கோப்பி நேரத்தில், திரையில் அம்புக்குறி தன்பாட்டில் அசையத் தொடங்கும். "அண்ணை வந்திட்டார்" என்று சிறீதரன் குசினிப் பக்கம் குரல் கொடுப்பான். அண்ணை குப்பைகளை அழிப்பார், புதிய பதிப்புகளை இறக்குவார், எல்லாம் முடிந்ததும் வெறும் எழுத்துப் பக்கம் ஒன்றைத் திறந்து, "பிரபா, நிக்கிறியோ?" என்று எழுதுவார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து இருந்து, அதற்குக் கீழே பதில் எழுதுவாள். ஒரே பக்கத்தில் அவர் ஒரு வரி, அவள் ஒரு வரி. என்ன கறி, முழங்கால் நோ எப்படி, ஊரில் யார் செத்தது என்று கதை போகும். அண்ணி காலமான பிறகு அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூடத் தவறவிட்டதில்லை. இப்படி எழுதிக் கதைக்கப் பழகியதில் தொலைபேசி எடுப்பது குறைந்து, பிறகு நின்றே போய்விட்டது.

பிரபாலினி ஃபயர்வோல் தேடும் வேலையில் இறங்கினாள். மகள் ஆதிரை ஹனோவரில் படிக்கிறாள். அவளைக் கேட்டால் கண் மூடித் திறப்பதற்குள் செய்து தந்துவிடுவாள். ஆனால் திருமதி வீகாண்ட் கேள்வி கேட்கும்போது பதில் சொல்லப்போகிறவள் மகள் அல்லவே. தன் வீட்டுக் காவலைத் தானே தெரிந்து வைக்க வேண்டும் என்று பிரபாலினி முடிவெடுத்தாள்.

"இலவசமெண்டால் அதுக்குள்ளை ஏதோ சுத்துமாத்து இருக்கும்" என்றான் சிறீதரன், தேத்தண்ணியை உறிஞ்சியபடி.

"நீங்கள் பாக்கிற நாடகமும் இலவசம்தானே அப்பா."

சிறீதரன் தேத்தண்ணியோடு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் முதலில் இறக்கியது பார்வைக்குக் கம்பீரமாக இருந்தது. கேடயப் படம், சிங்கத் தலை எல்லாம் போட்டிருந்தார்கள். ஆனால் காவல் காப்பதைவிட அதற்குக் கத்துவதில்தான் விருப்பம். காலையில் கணினியைத் திறந்தால், "நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்கள்" என்று சிவப்பில் ஒரு பெட்டி விழும். மூடினால் இன்னொரு பெட்டி வந்து, ஆபத்து நீங்க இந்த விலையுயர்ந்த பதிப்பை வாங்குங்கள் என்று சொல்லும். "வெருட்டி விக்கிறவன் காவல்காரனோ?" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே அதைத் தூக்கி எறிந்தாள்.

இரண்டாவது நல்ல சாதிதான். விளம்பரம் இல்லை, சத்தம் இல்லை. ஆனால் கணினியில் எது வெளியே போக வெளிக்கிட்டாலும், எது உள்ளே வரப் பார்த்தாலும், அனுமதிக்கவா மறிக்கவா என்று ஜெர்மனில் கேட்டுக்கொண்டே இருந்தது. பிரபாலினி வேலைக்குப் போயிருந்த நேரம் சிறீதரன் திரைக்கு முன்னால் இருந்து, வந்து கேட்ட எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்துவிட்டான். பெயரைக்கூட வாசிக்கவில்லை.

"ஏனப்பா எல்லாத்தையும் விட்டனீங்கள்?"

"பாவம், கேட்டுக்கொண்டு வந்து நிக்குது. எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது?"

பிரபாலினிக்குக் கோபம் வந்து, அதற்குள் சிரிப்பும் வந்துவிட்டது. இருபத்தைந்து வருஷமாக இந்த மனிதன் வீட்டு வாசலில் நின்றும் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. மதப் புத்தகம் விற்க வந்த இரண்டு ஜெர்மன்காரர்களைப் பிடித்து இருத்திச் சோறு போட்டு அனுப்பியவன். இவனிடம் போய் ஒரு கேள்வியை விடுகிற காவல் இந்த வீட்டுக்குச் சரிவராது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. இது கேள்வி கேட்காமல் தன் வேலையைப் பார்க்கிற காவலாக இருக்க வேண்டும்.

பிறகுதான் அவள் ஆற அமர இருந்து வாசித்தாள். மரக்கறித் தொழிற்சாலையில் இடைவேளையிலும் தொலைபேசியில் வாசித்தாள். நுகர்வோருக்கு ஆலோசனை சொல்லும் பக்கங்கள் பலவும் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லின. சாதாரண வீட்டுக் கணினி ஒன்றுக்கு விண்டோஸோடு கூடவே வருகிற ஃபயர்வோல் பெரும்பாலும் போதும், அதை நிறுத்தாமல் வைத்திருந்தால் சரி. அதாவது இவ்வளவு நாளும் வீட்டுக்குள்ளேயே ஒரு காவல் சும்மா இருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் போய் அதைத் திறந்து பார்த்தாள். அது நிறுத்தப்பட்டிருந்தது.

இது அண்ணையின் வேலை என்பது உடனே ஞாபகம் வந்தது. அந்த இலவசச் சனல் செயலி வந்த காலத்தில் படம் நின்று நின்று வந்ததும், அண்ணை ஏதோ ஒன்றை நிறுத்திவிட்டுச் சரிப்படுத்தியதும், சிறீதரன் கைதட்டியதும் நினைவுக்கு வந்தன. பிரபாலினி மற்ற இரண்டையும் தேடித் துடைத்து அகற்றினாள். விண்டோஸின் காவலை இயக்கினாள். பச்சை அடையாளம் வந்தது. அது கத்தவும் இல்லை, கேள்வி கேட்கவும் இல்லை. சனல் மட்டும் நின்றுபோனது. அன்றைக்குச் சிறீதரன் நாடகத்தில் யாருக்கு நஞ்சு வைத்தார்கள் என்று தெரியாமல் வீட்டுக்குள் நடந்து திரிந்தான். அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. தானே தேடி, தானே தெரிந்து, தானே செய்திருக்கிறாள். புதன்கிழமை வரட்டும் பார்ப்போம் என்றிருந்தது.

புதனுக்கு முதல் ஞாயிறு வந்தது.

அவள் குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். "அண்ணை வந்திட்டார்" என்று சிறீதரனின் குரல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நின்றுபோயிருந்த நாடகத்தின் சத்தமும் கேட்டது. அகப்பையும் கையுமாக ஓடிவந்தவள் திரையைப் பார்த்தாள். எழுத்துப் பக்கத்தில் அண்ணை எழுதியிருந்தார்:

"பிரபா, ஆரோ உன்ரை ஃபயர்வோலை ஓன் பண்ணியிருக்கினம். அதாலைதான் சனல் வேலை செய்யேல்லை. நான் நிப்பாட்டிப்போட்டன். இனி மச்சான் வடிவா நாடகம் பாக்கலாம்."

 மூன்றைப் பரீட்சித்து, பக்கம் பக்கமாக வாசித்து, அவள் தேர்ந்து வைத்த காவலை அண்ணை கோப்பியைக் குடித்தபடியே படுக்கப் போட்டுவிட்டார். எந்த ஃபயர்வோலைப் போட்டிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். காவல் வாசலில் நிற்கிறது, அண்ணையோ வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். திருமதி வீகாண்டிடம் தான் சொன்ன பதில் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. யாரோ ஒரு பெண் திரைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து தன் உடம்பைப் பற்றி அழுது சொல்லும்போது, இந்தப் பக்கத்தில் அம்புக்குறி தன்பாட்டில் அசைவதை அவள் நினைத்துப் பார்த்தாள். 

"சுகமெல்லோ? எங்கை நிக்கிறாய்?" என்று திரையில் அடுத்த வரி வந்தது.

 சிறீதரனைக் குசினிக்குள் இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னாள். வேலை வேண்டுமென்றால் அண்ணை இனிமேல் கணினிக்குள் வரக்கூடாது. சிறீதரனின் முகம் இருண்டுவிட்டது.

"அண்ணையிட்டை அப்பிடிச் சொல்லாதையும். மனுசன் உடைஞ்சுபோவார். இன்டர்நெட் பழுது எண்டு சொல்லும்."

"ஒவ்வொரு ஞாயிறும் பழுதோ?"

"அப்ப வேலைக்கெண்டு வேறை ஒண்டு வாங்குவம். அண்ணைக்குத் தெரியாமல் வைச்சிருப்பம்."

"அண்ணைக்கு ஒளிச்சு வைக்க என்னாலை ஏலாது."

"சரி, கடவுச்சொல்லை மாத்திப்போட்டுப் பேசாமல் இரும். அவராய் விளங்கிக்கொள்ளுவார்."

"வழக்கமாய் வாற மனுசனுக்குப் பூட்டை மாத்திப்போட்டு, உள்ளுக்கை மூச்சுக்காட்டாமல் இருக்கச் சொல்லுறியளோ? அது அவரைச் செருப்பாலை அடிக்கிற மாதிரி."

  சிறீதரன் போய் நாடகத்தை நிறுத்திவிட்டு வந்தான். அதற்காக அவனை அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

தொலைபேசியில் சொல்லலாமா என்று ஒருகணம் யோசித்தாள். அண்ணையின் குரலைக் கேட்டால் தான் சின்னப்பிள்ளையாகிவிடுவாள் என்று தெரியும். அதனால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, இருவருக்கும் பழகிய அந்தப் பக்கத்திலேயே எழுதினாள்:

"அண்ணை, ஓன் பண்ணினது நான்தான்."

"நீயோ? ஏன்?"

"புது வேலைக்கு. அதோடை இன்னொண்டும் இருக்கு. நீங்கள் இனிமேல் இதுக்குள்ளை வரக்கூடாது."

எழுதியதை அவளே வாசித்தாள். கொஞ்சம் சீனி போட்டு எழுதியிருக்கலாம் என்று பட்டது. ஆனால் அழிக்கவில்லை.  அம்புக்குறி நின்ற இடத்திலேயே நின்றது.

"நான் என்ன கள்ளனோ?" என்று கடைசியாக வந்தது.

"கள்ளனெண்டால் எனக்கு இவ்வளவு பயமில்லை அண்ணை. கள்ளனுக்கு எங்கட சனத்தைத் தெரியாது. உங்களுக்கு எல்லாரையும் தெரியும்."

"நான் ஆருக்குப் போய் என்ன சொல்லப்போறன்? அது சரி, எங்கட ஆக்களும் வருவினமோ? ஹம்மிலை உள்ளவையோ?"

பிரபாலினிக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணையில் ஒரு பிழையும் இல்லை. யார் வீட்டில் என்ன என்று அறிவதும், அறிந்தால் ஓடிப்போய் உதவுவதும்தான் அவருடைய குணம். அந்தக் குணத்தால்தான் அவளும் இன்றைக்கு ஜெர்மனியில் இருக்கிறாள்.

"பாத்தியளே அண்ணை, இப்ப நீங்கள் கேட்டியள். அதுக்குத்தான்."

 அவள் விசைப்பலகையில் கையை வைத்தபடி இருந்தாள்.  எழுதியதில் ஒரு சொல்லையும் திருப்பி எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண்களுக்காக அவள் எத்தனையோ புருஷன்மாரை வெளியே இருக்கச் சொல்லியிருக்கிறாள். தன் அண்ணையிடம் சொல்ல முடியாவிட்டால் அதெல்லாம் வெறும் வாய்வீச்சு.

"அப்ப நான் ஞாயிற்றுக்கிழமையிலை என்ன செய்யிறது?" என்று எழுதினார் அண்ணை.

இதை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பின்னால் நின்ற சிறீதரன் அவளுடைய தோளில் கையை வைத்தான்.

"போன் எடுங்கோ அண்ணை. உங்கட குரலைக் கேட்டுக் கனகாலம்" என்று எழுதினாள்.

 அம்புக்குறி அசைந்தது. அது போய் ஃபயர்வோலைத் திறந்து இயக்கியது. பச்சை அடையாளம் வந்தது. பிறகு போய்ச் சனல் செயலியை அகற்றியது. "ஐயோ, என்ரை நாடகம்" என்ற சிறீதரன் தன் வாயைத் தானே அடக்கிக்கொண்டான். கடைசியாக அண்ணை தான் வந்துபோகும் செயலியிடம் போனார். நிச்சயமாக அகற்றவா என்று கணினி கேட்டது. அம்புக்குறி அந்தக் கேள்விக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அழுத்தியது. அதோடு அது அசையவில்லை. பிரபாலினி மவுஸைத் தொட்டபோதுதான் நகர்ந்தது.

அன்றைக்கு அண்ணை போன் எடுக்கவில்லை. திங்களும் செவ்வாயும் எடுக்கவில்லை. இவள் எடுத்தாலும் மணி அடித்து ஓய்ந்தது.

புதன்கிழமை திருமதி வீகாண்ட் காணொளியில் வந்தார். பிரபாலினி கணினியை இப்போது ஆதிரையின் அறைக்கு மாற்றியிருந்தாள், கதவைச் சாத்தியிருந்தாள். எந்த ஃபயர்வோல், ஏன் அதைத் தேர்ந்தீர்கள் என்று திருமதி வீகாண்ட் கேட்டார். வெருட்டியதையும் கேள்வி கேட்டதையும் பற்றி அவள் சொல்லச் சொல்ல அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஒன்றைத் திருத்த வேண்டும்" என்றாள் பிரபாலினி. "வேறு ஒருவரும் பயன்படுத்தவில்லை என்று போனமுறை சொன்னேன். அது பிழை. கனடாவில் இருந்து என் அண்ணன் இதற்குள் வந்துபோனார். ஞாயிற்றுக்கிழமை அவரே அந்த வழியை அகற்றிவிட்டார்."

திருமதி வீகாண்ட் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "என் அம்மாவின் கணினிக்குள் நான் அப்படித்தான் போய்வருகிறேன்" என்றார். "எனக்கு யாராவது இப்படிச் சொன்னால் மிகவும் வலிக்கும்." பிறகு இன்னும் சில இடங்களைத் திறந்து காட்டச் சொல்லி, எல்லாவற்றையும் பார்த்து முடித்து, வரும் திங்கள் முதல் வேலையைத் தொடங்கலாம் என்றார். பிரபாலினி அழைப்பைத் துண்டித்துவிட்டு வெறும் அறைக்குள் இரண்டு கையையும் தூக்கி ஓர் ஆட்டம் போட்டாள். அதைக் கதவிடுக்கால் பார்த்த சிறீதரன் தானும் ஆடினான்.

அந்த ஞாயிறு பின்னேரம் தொலைபேசி அடித்தது.

"நான்தான்" என்றார் அண்ணை.  அடுத்த சொல் வருவதற்குள் இருமினார். மார்புக்குள் இருந்து வரும் கனத்த இருமல்.

"எப்ப துவக்கம் அண்ணை இந்த இருமல்?"

"அது மாரிக்கு முதலே கிடக்கு. ஒண்டுமில்லை."

அவ்வளவு காலமும் வாராவாரம் சுகம் விசாரித்திருக்கிறாள். 'சுகம்' என்று அவரும் எழுதியிருக்கிறார். எழுத்தில் இருமல் கேட்காது. பிரபாலினி தன் பழைய முகாம் குரலை எடுத்தாள். டொக்டரிடம் போகும் நாளை அவர் வாயாலேயே சொல்லவைத்த பிறகுதான் விட்டாள். அண்ணைக்கு அந்த அதட்டல் பிடித்திருந்தது போல. போன் வைக்கும்போது சிரித்தார்.

அடுத்த நாள் வேலை தொடங்கியது. முதல் வாரத்திலேயே ஒரு பெண் திரையில் வந்தாள். டொக்டர் என்ன கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டு "ஒண்டுமில்லை" என்றாள். பிரபாலினி டொக்டரிடம் அனுமதி கேட்டுவிட்டு அவளோடு தமிழில் இரண்டு வார்த்தை பேசினாள். தன் அறைக் கதவு பூட்டியிருக்கிறது என்றாள். தான் கேட்பது தன்னோடு நின்றுவிடும் என்றாள். அந்தப் பெண் நிமிர்ந்து அவளுடைய முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு சொல்லத் தொடங்கி, சொல்லி முடிக்கும்வரை நிறுத்தவில்லை. அவள் சொன்னது என்ன என்பது இங்கே எழுதுவதற்குரியது அல்ல. பிரபாலினி ஒரு சொல்லும் விடாமல் அதை ஜெர்மனில் சொன்னாள். டொக்டர் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறு ஞாயிறு அண்ணை போன் எடுத்தார். இருமல் மருந்து வேலை செய்கிறதாம். பக்கத்து வீட்டில் பனி அள்ள ஆள் இல்லையாம். கதையோடு கதையாகச் சொன்னார்:

"உனக்குத் தெரியுமெல்லோ, பான் நகரத்திலை இருக்கிற யூட், என்னோடை படிச்சவன். நேற்று எடுத்தவன். அவன்ரை மனுசி ஜசிந்தாவுக்கு ஏதோ சுகமில்லையாம். ஆஸ்பத்திரிக்குத் தனியப் போய் வந்தவவாம். கேட்டால் ஒண்டும் சொல்லுறாவில்லையாம். அவன் பாவம், குழம்பிப்போய் நிக்கிறான்."

ஜசிந்தா என்ற பெயரைப் பிரபாலினி அந்த வாரம்தான் திரையில், தலைகுனிந்திருந்த அந்தப் பெண்ணின் முகத்துக்குக் கீழே கண்டிருந்தாள்.  ஆனால் குரலில் ஒன்றையும் காட்டவில்லை.

"அப்பிடியோ அண்ணை" என்றாள்.

"ஓமடி பிள்ளை. பான் ஆஸ்பத்திரிதான். உன்ரை அந்த வேலையிலை ஏதும்..."

அண்ணை நடுவிலேயே நிறுத்திவிட்டார்.  அவர் கேட்டுவிட்டால் அவள் பொய் சொல்ல வேண்டும், அல்லது அண்ணையிடம் முடியாது என்று சொல்ல வேண்டும். பிரபாலினி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இல்லைப் பிள்ளை" என்றார் அண்ணை. "நான் ஒண்டும் கேக்கேல்லை."